கல்லடி எண்ணுகிறவள்

மொன்றியலில் பனி உருகி முடிந்ததும் சாலைகளில் கல்தான் மிச்சமிருக்கும். வழுக்காமல் இருக்கக் குளிர்காலம் முழுக்கக் கொட்டிய சரளையும் மணலும் உப்பும் அப்படியே தரையில் கிடக்கும். முன்னால் போகிற லாரியின் சக்கரம் அதை வாரிப் பின்னால் வருகிற காரின் முகத்தில் அடிக்கும். அடிபட்ட இடத்தில் பெயிண்ட் மிளகு அளவுக்குப் பெயர்ந்து போகும். மிளகு அளவுதானே என்று விட்டால், அடுத்த குளிர்காலத்து உப்புத் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக உள்ளே இறங்கி, பெயிண்டுக்கு அடியிலேயே இரும்பைத் தின்றுகொண்டு பரவும். வெளியே ஒரு கொப்புளம்தான் தெரியும். அழுத்தினால் விரல் உள்ளே போகும்.

இந்தக் கல்லடிகளை எண்ணுவது என் வேலை. பெயிண்ட் செய்கிற ஒரு கம்பெனியின் சோதனைச் சாலையில் இருக்கிறேன். அங்கே ஒரு பெட்டி உண்டு. பெயிண்ட் அடித்த தகட்டை அதற்குள் நிறுத்தி, காற்றழுத்தத்தால் ஒரு வாளிச் சரளையை அதன்மேல் வீசுவோம். பிறகு தகட்டின் மேல் ஒட்டும் நாடாவை அழுத்தி இழுத்தால் ஒட்டாமல் நிற்கும் பெயிண்ட் எல்லாம் வந்துவிடும். பெயிண்ட் பெயர்ந்த புள்ளிகளை லென்ஸ் வைத்து எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். உபகாரச் சம்பளத்தில் இந்த ஊருக்கு வந்து எம்.எஸ்சி. முடித்தேன். வெள்ளைக் கோட்டின் பையில் லென்ஸைப் போட்டுக்கொண்டு நடக்கும்போது எனக்கு இருந்த கர்வத்தை இன்றும் மறைக்க மாட்டேன். அதற்காக நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அண்ணன் பட்ட பாடும் தெரியும். அதைத்தான் மறைத்தேன்.

அப்பா சங்ககிரியில் லாரி கிளீனர். பிற்பாடு டிரைவர். என்னைவிட ஐந்து வயது மூத்த அண்ணன் இரண்டாம் வகுப்போடு நின்று, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் வேலைக்குப் போய்விட்டான். அவன் எழுத்துப் படித்ததே பிரஷ்ஷால்தான். மேஸ்திரி சாக்பீஸில் வரைந்து காட்டும் எழுத்தின் மேல் பெயிண்ட் பூசிப் பூசிக் கற்றுக்கொண்டான். நீல எழுத்து, மஞ்சள் விளிம்பு, கீழே சிவப்பில் நிழல். பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எல்லா வேலையும் முடிந்த பிறகு, கடைசியாக லாரியின் நெற்றியில் யாருடைய துணை என்று எழுதுவார்கள். சாமி பேரோ, முதலாளி மகள் பேரோ, யாராவது ஒருவர் துணையாக இருக்க வேண்டும். அந்த வரி இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை வெளியே எடுக்க மாட்டான். நான் பி.எஸ்சி. தேறிய அன்று அண்ணன் எங்கள் வீட்டுக் கதவில் அதே நீலத்தில், அதே சிவப்பு நிழலோடு, ‘பி.எஸ்சி.’ என்று மட்டும் எழுதி வைத்தான். யார் பி.எஸ்சி. என்று அதில் இல்லை. தெருவில் வேறு யாரும் அதைப் படித்திருக்கவில்லை என்பதால் பெயர் தேவைப்படவில்லை.

எழுபத்து மூன்றில் அவனை இங்கே வரவழைத்தேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. பின்சந்தில் ஒரு கிரேக்கர் நடத்திய கார் பட்டறையில் அவனுக்கு வேலை கிடைத்தது. முதலாளிக்கும் அவனுக்கும் பொதுவான பாஷை ஒன்றும் கிடையாது. அவர் கிரேக்கத்தில் திட்டுவார், இவன் தமிழில் பதில் சொல்வான், வேலை நடக்கும். முதல் குளிர்காலத்தில் கொப்புளம் விட்ட கார்களைப் பார்த்துவிட்டு வந்து, “இந்த ஊருல காருக்கும் அம்மை போடுது அம்மிணி” என்றான்.

நம் ஊரிலிருந்து முன்பே வந்து நிலைத்துவிட்ட டாக்டர்களும் பேராசிரியர்களும் இஞ்சினியர்களுமாக ஒரு முப்பது குடும்பம் அப்போது இருந்தது. பொங்கல், நவராத்திரி எல்லாம் புறநகரான ரொக்ஸ்பரோவில் ஒரு டாக்டர் வீட்டில்தான். நான் மாணவியாக இருந்தபோதே அங்கே போகத் தொடங்கியிருந்தேன். முதல் தடவை போனபோது டாக்டரின் மனைவி என் கையில் காபியைக் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

“அப்பா என்னம்மா பண்றார்?”

“லாரித் தொழில்” என்றேன்.

“ஓ, டிரான்ஸ்போர்ட்டா! அந்தப் பக்கமெல்லாம் அதுதானே பெரிய பிசினஸ்.”

நான் சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன். பொய் என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை அதற்குப் பிறகு முகத்திலிருந்து இறக்கி வைக்க முடியவில்லை. போகப் போக எங்கள் வீட்டுக்கு லாரிகள் வந்து சேர்ந்தன. யாரோ இரண்டு என்றார்கள், யாரோ நாலு என்றார்கள். நான் எதையும் மறுக்கவில்லை. அண்ணன் வந்த பிறகும், என்னோடு யார் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றினேன்.

எழுபத்து நான்கு பொங்கலன்று டாக்டர் எல்லோரையும் கீழே கராஜுக்கு அழைத்துப்போய்த் தன் காரைக் காட்டினார். இத்தாலியில் செய்தது. குங்குமச் சிவப்பு, இரண்டே இருக்கை, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். குளிர்காலத்தில் அதை வெளியே எடுக்க மாட்டார். மற்ற மாதங்களில் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார். அதன் மூக்கைத் தடவியபடி என்னைப் பார்த்தார்.

“என்னம்மா கெமிஸ்ட், நீதான் கல்லடி எண்ணுறவளாமே? எங்க, எண்ணு பார்க்கலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் லென்ஸ் இல்லாமலே குனிந்து எண்ணினேன். “பதினொண்ணு, டாக்டர். இதுல மூணு இரும்பு வரைக்கும் போயிருக்கு. இந்த வருஷம் விட்டா கொப்புளம் வந்துடும்.”

அவர் சிரிப்பு நின்றது. “மெழுகு போட்டுத் தேய்க்கிறேனே, வாராவாரம்?”

“மெழுகு பளபளப்புக்கு. கல்லை அது தடுக்காது. கல் விழற இடத்துல மெத்துன்னு ஏதாவது இருந்தாத்தான் அடி உள்ள போகாது. மூக்குக்கு அளவெடுத்து ரெக்சின்ல ஒரு உறை தைச்சுப் போடணும். உள்ள துணி கொடுக்கணும்.”

“யாரு தைப்பா அதை?”

அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். ரெக்சின் உறை என்பதே அண்ணன் சொன்ன யோசனை. இரண்டு நாள் முன்பு அடுப்படியில் உட்கார்ந்து, என் சோதனைச் சாலைக் கதையைக் கேட்டுவிட்டு, “இதுக்குப் போயி இத்தனை மெஷினா? காருக்கு ஒரு கோமணம் கட்டி உட்டாப் போச்சு” என்று சொல்லியிருந்தான். சுற்றிலும் நின்றவர்கள் எல்லாம் என் முகத்தையே பார்த்தார்கள்.

“தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார், டாக்டர். எங்க ஊர்க்காரர். பெயிண்ட் வேலையும் நல்லாப் பண்ணுவார்.”

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் நகர நடுவிலிருந்து ரொக்ஸ்பரோவுக்கு ரயில் ஏறினோம். அவன் மடியில் துணிப்பை. அதற்குள் அளவு நாடா, பழைய செய்தித்தாள், உப்புத்தாள், ஒரு பெட்டி தீக்குச்சி. வண்டி ஊர் நடுவே இருக்கும் மலைக்கு அடியில் சுரங்கத்துக்குள் போனபோது சொன்னேன். இருட்டில் சொல்வது எளிதாக இருந்தது.

“அண்ணா, ஒண்ணு சொல்லோணும்.”

“சொல்லு.”

“அங்க எல்லாரும் டாக்டரு, புரொபசரு. நாம என்ன ஏதுன்னு நோண்டிக் கேப்பாங்க. நான் உன்னய... ஊர்க்காரர்னு சொல்லியிருக்கேன்.”

வெளிச்சம் வந்தபோது அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஊர்க்காரன்தானே. அதுல பொய் ஒண்ணுமில்லையே.” பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். “அப்பன் பேரு கேட்டா என்னன்னு சொல்லட்டும்? வேற நல்ல பேரா ஒண்ணு எடுத்துக் குடு.”

“அண்ணா!”

“சும்மா சொன்னேன் கண்ணு. நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கிக்கற? வேலைக்குப் போறோம், வேலையப் பாக்கறோம், வர்றோம்.”

அவன் அதைச் சரியாகச் செய்தான். நான் எதிர்பார்த்ததைவிடச் சரியாகச் செய்தான். டாக்டர் வீட்டு வாசலில் கால் வைத்த நொடியிலிருந்து என்னை ‘நீங்க’ என்றான். “மேடம், இந்த நுனியைக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா?” என்று செய்தித்தாளை நீட்டினான். காரின் மூக்கின் மேல் தாளை விரித்து, விரலால் விளிம்பை அழுத்தி அழுத்தி அளவெடுத்தான். விளக்குக்கு, காற்று போகும் துளைக்கு, கொக்கி மாட்டும் இடத்துக்கு என்று பென்சிலால் குறித்தான். டாக்டர் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தார்.

பிறகு அந்தப் பதினொரு காயங்களையும் ஆற்றினான். ஆற்றினான் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் துருவைச் சுரண்டி எடுத்து, தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் ஒரு சொட்டு பிரைமர். காய்ந்த பிறகு ஒரு சொட்டுச் சிவப்பு. அது காய்ந்து அமுங்கியதும் அதன்மேல் இன்னொரு சொட்டு. சுற்றியிருக்கும் பெயிண்டைவிட மயிரிழை மேலே நிற்கும் வரை இப்படியே. பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளை ஒரு அழிரப்பரில் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தான். மத்தியானத்துக்குள் முதல் சொட்டுகள் முடிந்தன. மிச்சத்துக்காக இன்னும் இரண்டு ஞாயிறு வந்தோம். முடிந்த அன்று நான் லென்ஸை எடுத்து மூக்கு முழுக்கத் தேடினேன். இரண்டைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. தேடுவதுதான் என் தொழில்.

முதல் ஞாயிறன்று சாப்பாட்டு நேரத்தில் டாக்டரின் மனைவி என்னை மாடிப்படியருகே தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். “அவருக்குக் கீழயே குடுத்துடலாமா? கையெல்லாம் பெயிண்டா இருக்கே.”

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இலை மேலேயே விழுந்திருக்கும்.

“குடுத்துடலாங்க” என்றேன்.

நான் மேஜையில் உட்கார்ந்து வத்தக்குழம்பு சாப்பிட்டேன். அவன் கீழே, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து காகிதத் தட்டில் சாப்பிட்டான். நான் இறங்கி வந்ததும், “குழம்பு ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க மேடம்” என்றான். டாக்டர் பக்கத்தில் இல்லை. வேறு யாரும் இல்லை. அப்போதும் ‘மேடம்’ என்றான்.

உறையை அவன் பட்டறையில் சீட் தைக்கிற மெஷினில் தைத்தான். வெளியே கறுப்பு ரெக்சின். உள்ளே வைக்க மெத்தென்று ஃபிளானல் வேண்டும் என்றான். வாங்கித் தருகிறேன் என்று நான் சொல்வதற்குள், அவன் வந்த முதல் குளிர்காலத்துக்காக நான் வாங்கிக் கொடுத்திருந்த போர்வையை வெட்டிவிட்டான்.

“உனக்குப் போர்த்திக்க என்னண்ணா?”

“எனக்குக் குளிரு பழகிப்போச்சு. அந்தக் காரு பாவம், வெயில் தேசத்துல பொறந்தது.”

மூன்றாம் ஞாயிறு அதை மாட்டிக் காட்டினோம். கையுறை மாதிரி உட்கார்ந்தது. அண்ணன் எட்ட நின்று பார்த்துவிட்டு டாக்டரிடம் சொன்னான். “மழையில நனைஞ்சா அன்னைக்கே கழட்டி உலர்த்திப் போடோணுங்க. உள்ளாற ஈரம் நின்னா பெயிண்ட் பூத்துப்போகும். மண்ணு போச்சுன்னா அதுவே உப்புத்தாளாட்டத் தேய்ச்சுப்போடும். வாரம் ஒருக்கா உதறோணும்.” நான் அதையே விஞ்ஞானமாக மாற்றி இன்னொரு தடவை சொன்னேன். டாக்டர் இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

பிறகு அண்ணன் வழக்கப்படி கேட்டான். “என்ன பேருங்க எழுதட்டும்? யாரு துணைன்னு?”

“அய்யோ, சாமி! இதுல எதையும் எழுதிடாதேப்பா!” டாக்டர் இரண்டு கையையும் நீட்டிக் காரை மறைத்தார். “லாரின்னு நினைச்சுட்டியா?”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தான். “துணையில்லாம வண்டி வெளிய போகாதுங்க” என்று சொல்லிக்கொண்டே பையைக் கட்டினான்.

அந்த வருடம் டாக்டரின் கார் மூக்கில் ஒரு புதிய புள்ளியும் விழவில்லை. அடுத்த வருடமும் இல்லை. கல்லுக்கு எதிராக எங்கள் சோதனைச் சாலை செய்த எதுவும் அப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை. பேராசிரியர்களும் மற்ற டாக்டர்களும் தங்கள் கார்களுக்கு அண்ணனைக் கூப்பிட்டார்கள். நான் கூடப் போவதை நிறுத்திக்கொண்டேன். அவன் தனியாகப் பையை எடுத்துக்கொண்டு ரயில் ஏறுவான். சாயங்காலம் திரும்பி வந்து, யார் வீட்டில் என்ன கேட்டார்கள் என்று நடித்துக் காட்டுவான்.

“ரொக்ஸ்பரோ அம்மா உன்னயப் பத்தி அத்தனை பெருமையாப் பேசறாங்க. லாரி முதலாளி வூட்டுப் புள்ளையாமா நீ. ஆனாத் துளி கர்வமில்லையாமா. நாலு லாரியான்னு என்னயக் கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“அஞ்சுங்கன்னு சொன்னேன். போன மாசம் புதுசா ஒண்ணு எறக்கியிருக்காங்கன்னேன். பெயிண்ட் அடிச்சதே நாந்தான்னேன்.” சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அந்த இருமல் அப்போதே இருந்தது. பதினைந்து வருடமாக மூக்கில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு பெயிண்ட் பீய்ச்சியவன். சோதனைச் சாலையிலிருந்து நல்ல முகமூடி ஒன்று கொண்டுவந்து கொடுத்தேன். எந்தக் கரைப்பான் நுரையீரலில் என்ன செய்யும் என்று ஒரு மணிநேரம் பாடம் நடத்தினேன். “இதைப் போட்டா மூச்சு முட்டுது அம்மிணி” என்று ஆணியில் மாட்டிவிட்டான். மழையில் நனைந்தால் உறையைக் கழற்ற வேண்டும் என்று ஊரெல்லாம் சொன்னவன், தன் விஷயத்தில் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரிடம் காட்டலாமே என்று கேட்டால், “என்னன்னு சொல்லிக் காட்டுவே?” என்றான். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே என்ன சொல்வது என்று யோசித்துத்தான் கேட்டான். நானும் யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

எழுபத்தைந்து கடைசியில், அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஊருக்குப் போனான். அங்கேயே தங்கிவிட்டான். கடிதங்களை யாரோ எழுதிக் கொடுத்தார்கள். அடியில் அவன் கையெழுத்து மட்டும் அவனுடையது. பேனாவாலேயே எழுத்துக்கு நிழல் போட்டிருப்பான்.

அடுத்த வருடம் நவராத்திரியின்போது, ஒரு வெள்ளிக்கிழமை, தந்தி வந்தது. அண்ணன் இறந்துவிட்டான் என்று மூன்று ஆங்கிலச் சொற்களில் இருந்தது. காலையில் மாடிப்படியில் வாங்கிப் படித்துவிட்டு நான் வேலைக்குப் போனேன். அன்று ஒன்பது தகடுகளை எண்ணினேன். ஒன்றிலும் தப்பு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வீட்டுக் கொலு. கொலுவுக்குச் சுண்டல் செய்ய வருகிறேன் என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். கூடப்பிறந்தவன் செத்த தீட்டோடு கொலு வீட்டுக்குள் போகக் கூடாது. இது தெரியாதவள் இல்லை நான். ஆனால் வரவில்லை என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். காய்ச்சல் என்று சொன்னால் டாக்டரே பையோடு வந்து நிற்பார். யாரோ இறந்துவிட்டார்கள் என்றால், யார் என்பார்கள். எனக்கு அண்ணன் இருந்ததே அந்த ஊரில் நம்மவர்கள் யாருக்கும் தெரியாது. இல்லாத அண்ணன் எப்படிச் சாவான்? தீட்டு கீட்டு என்பதையெல்லாம் படித்தவள் நம்பலாமா என்று எனக்கே கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் தனியாக இன்னொரு மாலை இருக்கவும் பயமாக இருந்தது.

டப்பாவில் அடைத்து வரும் கொண்டைக்கடலையைத் தாளித்தேன். படியில் இருந்த பொம்மைகளுக்கு முன்னால் பெண்கள் பாடினார்கள். டாக்டரின் மனைவி வெற்றிலை கிடைக்காத ஊரில் வெற்றிலைக்குப் பதிலாக ஆப்பிளும் பாக்குப் பொட்டலமும் தட்டில் வைத்து, என்னை உட்கார வைத்து, தானே என் நெற்றியில் குங்குமம் இட்டார். நான் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இட்டுவிட்டு, “எப்பவும் சந்தோஷமா இரும்மா” என்றார்.

அப்போது கீழேயிருந்து டாக்டர் கூப்பிட்டார். “கெமிஸ்ட்! கொஞ்சம் கீழ வாயேன். ரெண்டு பேரும் வாங்க, ஒரு வேடிக்கை காட்டறேன்.”

அவரும் மனைவியும் நானும் மட்டும்தான் கராஜில். குளிர்காலத்துக்காகக் காரை உள்ளே நிறுத்தி உறையைக் கழற்றியிருந்தார். மூன்று கோடைகாலம் உதறி உதறி மேல் விளிம்பில் தையல் விட்டு, ஃபிளானல் பாதிக்குமேல் கழன்று தொங்கியது. அதை ஒதுக்கி ரெக்சினின் உள்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார்.

“பாரும்மா உன் ஊர்க்காரன் பண்ணின வேலையை! எழுதாதேன்னா உள்ள எழுதி, துணியை வெச்சு மூடித் தைச்சுட்டுப் போயிருக்கான், பாவி! மூணு வருஷமா நான் இதோடதான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கேன்.”

நீல எழுத்து. மஞ்சள் விளிம்பு. சிவப்பு நிழல். இரண்டு பக்கமும் லாரியில் போடுகிற மாதிரி ஒவ்வொரு தாமரைப் பூ.

தங்கச்சி எம்.எஸ்சி. துணை.

டாக்டரின் மனைவி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார். “யாரும்மா அந்தத் தங்கச்சி? அவனுக்கு அவ்வளவு படிச்ச தங்கை இருக்காளா என்ன? சொல்லவே இல்லையே.”

“நான்தான்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. “நீதான்னா?”

“அவர் எங்க அண்ணன். கூடப் பிறந்தவர். எங்களுக்கு லாரி ஒண்ணும் கிடையாது. அப்பா டிரைவர்.”

மேலே பாட்டு நடந்துகொண்டிருந்தது. டாக்டரின் முகத்தில் சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. அவர்தான் முதலில் பேசினார்.

“அடடா... இப்ப எங்க இருக்கார்? ஊர்லயா? வரச் சொல்லேன் அவரை.”

அதுவரை ‘அவன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடத்தில் ‘அவர்’ ஆகிவிட்டான். மூன்று வருடம் முன்பே இது இவ்வளவு சுலபமாக நடந்திருக்கும்.

“வெள்ளிக்கிழமை தந்தி வந்தது, டாக்டர். இறந்துட்டார்.”

டாக்டரின் மனைவி என் நெற்றியைப் பார்த்தார். அவர் இட்ட குங்குமத்தைப் பார்த்தார். கை தானாகத் தன் புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டது.

“முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?” என்றார்.

எதைச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தீட்டோடு கொலுவுக்கு வந்ததையா, பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து என் அண்ணன் சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமையையா? கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் கண் நிறைந்திருந்தது. அது மட்டும் நிச்சயம்.

உறையை எனக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். டாக்டர் அதை மறுபடியும் ஒருமுறை உதறி, எழுத்து உள்பக்கம் வரும்படி தானே மடித்துக் கொடுத்தார். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். மேலே போய் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. தோட்டத்துக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தேன்.

ரயிலில் எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்தார். மடியில் காய்கறிக் கூடை. உறை மடிப்பிலிருந்து கொஞ்சம் விரிந்து அவர் முழங்காலில் இடித்தது. இழுத்துக்கொண்டேன். மடிப்பின் ஓரத்தில் நீல எழுத்தும் அந்தச் சிவப்பு நிழலும் தெரிந்தன. பட்டுப்புடவையும் கறுப்பு ரெக்சினுமாக நான் எப்படி இருந்திருப்பேனோ. அவர் இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, பிரெஞ்சில், இது என்ன என்று கேட்டார்.

காரின் முகத்தில் கல் படாமல் இருப்பதற்கு என்றேன்.

அழகாக எழுதியிருக்கிறதே, யார் செய்தது என்று கேட்டார்.

“என் அண்ணன்” என்றேன். எனக்கு அப்போது நன்றாக வராத பிரெஞ்சில், இரண்டே சொல். கிழவர் தலையை ஆட்டினார். அவருக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்தது.